மயில் கழுத்து நிறத்தில் ஒரு பூசணிக்காய்

முழுப் பூசணிக்காய் ஒன்று கைக்குக் கிடைத்தால் நீங்கள் என்ன செய்வீர்கள், வாசகர்களே? புளிக்குழம்பு வைப்பீர்கள். தேங்காய்த் துருவல் போட்டுப் பொரியல் செய்வீர்கள். மலாய்க்கார அண்டை வீட்டாரோடு பழகியவர்கள் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் விட்டு இனிப்பாகக் காய்ச்சுவீர்கள். அதற்குக் கண்ணும் மூக்கும் வைத்து, வயிற்றுக்குள் விளக்கேற்றி, வாசற்படியில் உட்கார வைத்திருக்கிறீர்களா? நான் வைத்திருக்கிறேன். சிரிக்காமல் மேலே படியுங்கள்.

2018ஆம் ஆண்டு செப்டம்பர் கடைசியில் மகளைப் பார்க்க அமெரிக்கா போயிருந்தேன். இல்லினாய் மாநிலத்தில் பியோரியா என்ற ஊர். மாப்பிள்ளைக்கு அங்கே வேலை. இங்கே காரில் போனால் இரண்டு பக்கமும் செம்பனை வருவதுபோல், அங்கே சோளமும் சோயாவும் கண்ணுக்கெட்டிய தூரம் வருகின்றன. நடுநடுவே பூசணி வயல்கள். அமெரிக்காவிலேயே அதிகமாகப் பூசணி விளைவது அந்த மாநிலத்தில்தான். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் மோர்ட்டன் என்ற சிற்றூர், உலகத்தின் பூசணித் தலைநகரம் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறது. அந்த நாட்டில் டின்னில் அடைத்து விற்கும் பூசணியில் பெரும்பகுதி அங்குள்ள ஆலையில் அடைக்கப்படுவதுதான்.

அக்டோபர் பிறந்ததும் தெருவெல்லாம் ஆரஞ்சு நிறமாகிவிட்டது. கடை வாசலில் மலைபோல் பூசணிக் குவியல். 31ஆம் தேதி ஹாலோவீன். பிள்ளைகள் பேயாகவும் ராணியாகவும் தீயணைப்புக்காரராகவும் வேஷம் போட்டு, வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குகிற இரவு. மறுநாள் நவம்பர் 1, கத்தோலிக்கர்களுக்குப் புனிதர் அனைவர் திருநாள். அதற்கு அடுத்த நாள், நம் தோட்டத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் மெழுகுவத்தியோடு இடுகாட்டுக்குப் போகும் கல்லறைத் திருநாள். பேய்ப் பண்டிகை என்று முகம் சுளித்த எனக்கு, இந்த உறவு தெரிந்ததும் மனம் கொஞ்சம் இளகியது.

ஆனால் அந்த அக்டோபரில் வேடிக்கை பார்க்கிற நிலையில் நான் இல்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

என் பேரனுக்கு அப்போது ஆறு வயது. நிலக்கடலை அவன் உடம்புக்கு ஆகாது. இதை மகள் தொலைபேசியில் பலமுறை சொல்லியிருக்கிறாள். ‘கச்சான் சாப்பிட்டா அரிக்கும் போல’ என்று நான் எண்ணிக்கொண்டேன். ஊரிலிருந்து கொண்டுபோன பலகாரப் பையில் மிக்சர் ஒரு பொட்டலம் இருந்தது. பேரன் கேட்டான். நான் ஒரு தட்டில் கொட்டி, கடலையை ஒன்றுவிடாமல் பொறுக்கி எடுத்துப் போட்டுவிட்டு, ஓமப்பொடியையும் காராபூந்தியையும் மட்டும் அவன் கையில் கொடுத்தேன். கவனமான பாட்டி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன் கூட.

பத்து நிமிடம் இருக்கும். உதடு வீங்கியது. கழுத்தெல்லாம் தடிப்பு. ‘பாட்டி, தொண்டை’ என்றான், மேலே பேச வரவில்லை. குளித்துக்கொண்டிருந்த மகள் ஓடிவந்து தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசாமல் அலமாரியிலிருந்து பேனா போல் ஒன்றை எடுத்து அவன் தொடையில் அழுத்தினாள். எப்பிநெஃப்ரின் என்ற மருந்து ஊசி அது. ஆம்புலன்ஸ் வந்தது. ஊசி போட்டதும் பிள்ளை தெளிந்துவிட்டாலும், வீக்கம் மறுபடி திரும்பக்கூடும் என்பதால் மருத்துவமனையில் பல மணி நேரம் வைத்திருந்து பார்த்துத்தான் அனுப்பினார்கள். கடலையைப் பொறுக்கினால் போதாதாம். கடலை பட்ட தூளும் எண்ணெயும் ஓமப்பொடியில் ஒட்டியிருந்தாலே போதுமாம், சில பிள்ளைகளுக்கு.

மகள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ‘சாப்பிடுங்கம்மா’, ‘தூங்குங்கம்மா’ என்ற இரண்டு பேச்சு மட்டும். வேலைக்குப் போகும்போது பேரனைப் பள்ளிக்குப் பின் வேறொரு வீட்டில் விட ஏற்பாடு செய்துகொண்டாள். சின்ன வயதில் அவளை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு இருட்டில் மரம் சீவப் போனவள் நான். இப்போது என்னிடம் பிள்ளையை விட அவளுக்குப் பயம். நியாயம்தானே?

இந்த நிலையில்தான் பக்கத்து வீட்டுப் பெரியவர் மூன்று பூசணிக்காயைத் தள்ளுவண்டியில் உருட்டிக்கொண்டு வந்தார். எழுபது வயதிருக்கும், வெள்ளைக்காரர். நம் காலத்தில் வெள்ளைக்காரர் என்றால் துரை. வெள்ளைத் தொப்பியும் கைத்தடியுமாகக் காட்டுக்குள் வருவார், நாம் ஒதுங்கி நிற்போம். இந்தத் துரை எங்கள் பின்கட்டில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்து, முழங்கைவரை கையைப் பூசணிக்குள் விட்டுக் குடலை வழித்தெடுத்தார். எனக்கு ஒரு கரண்டியைக் கொடுத்து, ‘நீயும் வா’ என்று சாடை காட்டினார்.

எங்கள் வீட்டில் முழுப் பூசணியைப் பெண்கள் முதலில் வெட்ட மாட்டார்கள். அப்பாவோ அண்ணனோ ஒரு வெட்டுப் போட்டுக் கொடுத்த பிறகுதான் அம்மா அரிவாள்மனையில் உட்காருவார். அந்த நினைவில் நான் தயங்க, பேரன் கத்தியில் கை வைத்துக்கொள்ள, முதல் வெட்டு அவன் பேரில் விழுந்தது.

செய்முறையைக் கேளுங்கள். மூடியைச் சுற்றி அறுக்கும்போது கத்தியை நேராக இறக்கக்கூடாது. உள்பக்கமாகச் சாய்த்து அறுக்கவேண்டும். இல்லாவிட்டால் மூடி தொபுக்கென்று உள்ளே விழுந்துவிடும். ஓர் இடத்தில் சின்னக் கோணல் வைத்து அறுத்தால், திரும்ப மூடும்போது சரியான இடம் தெரியும். காம்பைப் பிடித்துத் தூக்கக்கூடாது, ஒடிந்துவிடும். முகம் வரப்போகும் பக்கத்தை உள்ளிருந்து சுரண்டி ஓர் அங்குல கனத்துக்குக் கொண்டுவரவேண்டும். பிறகு படம் வரைந்த காகிதத்தை மேலே ஒட்டி, கோட்டின்மேல் ஆணியால் புள்ளி புள்ளியாகக் குத்தி, காகிதத்தை உரித்துவிட்டு, அந்தப் புள்ளிகளைச் சேர்த்துச் சின்ன ரம்பத்தால் அறுப்பார்கள். அறுத்த விளிம்பில் வாசலின் தடவினால் சீக்கிரம் வதங்காது. என்ன தடவினாலும் ஒரு வாரத்துக்குமேல் தாங்குவது அபூர்வம், அழுகிக் குழிந்துவிடும். அதனால்தான் நாள் நெருங்கும்போது வெட்டுகிறார்கள். மெழுகுவத்திக்குப் பதில் மின்கல விளக்கு வைப்பது பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நல்லது.

பெரியவர் அயர்லாந்து வம்சம். பழைய நாளில் அயர்லாந்தில் பூசணி ஏது? டர்னிப் என்ற கிழங்கைக் குடைந்து கோர முகம் செதுக்கி விளக்கு வைத்தார்கள், கெட்ட ஆவியை விரட்ட. டொனிகால் வட்டாரத்து டர்னிப் முகம் ஒன்றின் அச்சு வார்ப்பை அந்நாட்டுத் தேசிய அரும்பொருளகத்தில் வைத்திருக்கிறார்கள். நான் படத்தில் பார்த்தேன். பல்லைக் காட்டிக்கொண்டு, உண்மையிலேயே குலை நடுங்க வைக்கிறது. 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள். அங்கே டர்னிப்பைவிடப் பெரிதாக, குடைய எளிதாக, பூசணி கிடைத்தது. வழக்கம் கூடவே வந்தது, காய் மட்டும் மாறிவிட்டது. கப்பலேறி வந்த வம்சத்துக்கு இதை விளக்கவா வேண்டும்?

நம் பக்கம் மட்டும் என்ன? புது வீடு எழும்பும்போது வெள்ளைப் பூசணியில் உருட்டு விழியும் மீசையும் எழுதித் தொங்கவிடுகிறோம். ஆயுத பூசைக்குக் குங்குமம் தடவி லாரி முன்னால் உடைக்கிறோம். நான் இதைக் கையும் காலும் ஆட்டிச் சொன்னேன், மாப்பிள்ளை மொழிபெயர்த்தார். பெரியவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். இன்னொன்று, நாம் பரங்கிக்காய் என்கிறோமே, பரங்கியர் கொண்டுவந்த காய் என்று பொருள். அதன் பிறந்தகமே அமெரிக்கக் கண்டம்தான்.

முகம் வெட்டுவது ஒருவகை. இன்னொரு வகை இருக்கிறது. அதில்தான் எனக்கு ஒரு வேலை கிடைத்தது.

பெரியவர் மரவேலைக்காரர். அவருடைய கருவிப் பெட்டியில் வளைந்த வாயுள்ள சின்ன உளி ஒன்று கிடந்தது. கையில் எடுத்தேன். அடுத்த கணம் என் கட்டைவிரல் தானாக இடம் பிடித்துக்கொண்டது. பேராக்கில் இருபத்துமூன்று வருஷம் பால்மரம் சீவிய கை இது. பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவவேண்டும். கொஞ்சம் ஆழம் போனால் மரத்தில் காயம்பட்டுவிடும், மண்டோர் சத்தம் போடுவார். மேலாகப் போனால் பால் வராது. அந்த நூல் கனத்துக் கணக்கு கைக்குத்தான் தெரியும்.

பூசணியிலும் அதே கணக்குதான். துளை போடாமல் தோலை மட்டும் சீவி எடுத்தால், உள்ளே விளக்கு ஏற்றும்போது அந்த இடம் மங்கலான செம்பொன்னாகத் தெரிகிறது. இன்னும் கொஞ்சம் சீவினால் மஞ்சள். மேலும் சீவினால் வெளிச்சம் கூடுகிறது. ஆழத்தை வைத்தே நிழலும் ஒளியும் காட்டலாம். நான் வரிசையாகப் பால்மரங்களைச் சீவினேன். ஒவ்வொன்றிலும் சாய்வாக ஒரு கோடு, அதன் கீழே ஒரு மங்கு. ஒரு மரத்தடியில் தலைவிளக்குக் கட்டிய பெண்ணொருத்தி. அந்தத் தலைவிளக்கை மட்டும் ஆணியால் முழுக்கத் துளைத்தேன். இருட்டியதும் விளக்கேற்றினோம். மரங்கள் மங்கலாக, அந்தப் புள்ளி மட்டும் நட்சத்திரம்போல். ‘பாட்டி, இது யாரு?’ என்றான் பேரன். ‘உங்கம்மா பள்ளிக்கூடம் போக நான் போன வேலை’ என்றேன். மகள் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நெடுநேரம் நின்றாள்.

வெட்டாமலே அலங்கரிக்கிற வழிகளும் உண்டு. எனக்கு அதில்தான் பிரியம். வெட்டாத பூசணி குளிர்ந்த இடத்தில் மாதக்கணக்கில் கெடாது, விசேஷம் முடிந்ததும் குழம்புக்கு ஆகும். வர்ணம் பூசினால் சமைக்கக்கூடாது, அதை நினைவில் வையுங்கள். நான் அரிசிமாவைக் கரைத்து ஒரு பூசணியின் மேல் நெளிக்கோலம் போட்டேன். ஆரஞ்சுத் தோலில் வெள்ளைக் கோலம் அப்படிப் பொருந்தியது. வாசலில் வைத்தேன். மறுநாள் காலை பாதிக் கோலத்தைக் காணோம். அந்த ஊர் அணில்கள் நக்கித் தின்றுவிட்டுத் தோலையும் இரண்டு கடி கடித்திருந்தன. வீட்டுக்குள் வைப்பவர்கள் தாராளமாகப் போடலாம். பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டில் காய்ந்த இலை, பழைய சேலைக் கரை, பொத்தான், கம்பளி நூல் எதையும் ஒட்டலாம். இன்னொரு வழி, மரத்துக்குத் துளையிடும் கருவியால் பெரிதும் சிறிதுமாகப் புள்ளிக் கோலம்போல் துளையிடுவது. உள்ளே விளக்கு வைத்தால் சுவரெல்லாம் புள்ளி விழும்.

பெரியவர் தன் பேத்தியின் பெயர் புடைத்து நின்ற ஒரு பூசணியையும் காட்டினார். ஒட்டியதில்லை, வரைந்ததில்லை. காய் கொடியில் பச்சையாக, தோல் இளசாக இருக்கும்போது ஆணியால் மேலாகக் கீறிவிட்டால் போதும். காயம் ஆறித் தழும்பாகி, காய் பருக்கப் பருக்க எழுத்தும் பருக்கிறது. சீவிய பட்டை மறுபடி வளர்ந்து மேடு தட்டுமே, அதுபோல. இதற்கு அமெரிக்கா போகவேண்டாம். ஊர் திரும்பியதும் என் வீட்டுப் பின்னால் ஓடும் லாபுக் கொடியில் பேரன் பெயரின் முதல் எழுத்தைக் கீறிப் பார்த்தேன், அழகாக வந்தது. உங்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், தினம் கொடியைப் போய்ப் பார்ப்பார்கள்.

எனக்கு உறுத்திய விஷயம் ஒன்று. குடைந்தெடுத்த சதையைப் பலர் குப்பையில் போடுகிறார்கள். ஒரு கீற்றுப் பூசணியை ஏழு வயிற்றுக்குப் பங்கு வைத்த வீட்டில் வளர்ந்தவளுக்கு மனசு கேட்குமா? வாசலுக்கு வைக்கிற பெரிய இனம் நாரும் தண்ணீருமாக, ருசி குறைவு என்பது உண்மைதான். டின்னில் அடைப்பது வேறு இனம், நம் லாபுவுக்கு நெருங்கிய சொந்தம். இருந்தாலும் நான் விடவில்லை. சதையை மிளகாய்வற்றல் தாளித்துக் கூட்டு வைத்தேன். விதையைக் கழுவிக் காயவைத்து உப்புப் போட்டு வறுத்தேன். குவாச்சி கொறித்துப் பழகிய வாய்க்குச் சொல்லவேண்டுமா! நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் கீன் என்ற ஊரில் 2013இல் 30,581 பூசணிகளைக் குடைந்து ஒரே சமயத்தில் விளக்கேற்றினார்களாம். கேட்டதும் எனக்கு அந்த விதைகள்தான் நினைவுக்கு வந்தன.

இப்போது மயில் கழுத்து நிறத்துக்கு வருகிறேன்.

போன வருஷம் பேரனும் சிங்கம் வேஷம் போட்டுத் தெருவெல்லாம் போனானாம். பை நிறைய மிட்டாயோடு வந்தான். மகள் ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்து, கடலை இருக்கிறது, இருக்கலாம், பக்கத்தில் பட்டிருக்கலாம் என்று எடுத்து வைக்க வைக்க, கடைசியில் பையில் மிஞ்சியது நாலைந்துதான். அவன் அழவில்லை என்று மாப்பிள்ளை சொன்னார். அழாததுதான் அவர்களுக்குத் தாங்கவில்லை.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காக அங்கே ஓர் ஏற்பாடு இருக்கிறது. டென்னசி மாநிலத்தில் 2012இல் ஒரு தாய் தொடங்கியது. உணவு ஒவ்வாமைக்காக நடக்கும் தேசிய அமைப்பு ஒன்று 2014இல் அதை நாடெங்கும் பரப்பியது. ஒரு பூசணிக்காயை நீலமும் பச்சையும் கலந்த நிறத்தில் பூசி வாசலில் வைக்கவேண்டும். அந்த நிறத்தை அங்கே டீல் என்கிறார்கள். நம் சேலைக் கடைக்காரர் மயில் கழுத்து என்பார். இந்த வீட்டில் மிட்டாய் அல்லாத பரிசும் உண்டு, எந்தப் பிள்ளையும் பயமில்லாமல் வரலாம் என்று அதற்கு அர்த்தம். மிட்டாய் கொடுக்க விரும்புவோரும் வைக்கலாம். இரண்டையும் தனித்தனிக் கிண்ணத்தில் வைத்தால் சரி.

மாப்பிள்ளை வர்ண டின்னோடு வந்தார். நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். காயைக் கழுவித் துடைத்து, காய்ந்தபின் முதல் பூச்சு, அது காய்ந்தபின் இரண்டாவது. ஆரஞ்சு நிறம் உள்ளிருந்து எட்டிப் பார்க்கும், ஒரே பூச்சில் நிற்காது. மகள் கடையிலிருந்து பென்சில், ஒட்டும் படம், இருட்டில் மின்னும் வளையல் எல்லாம் வாங்கி வந்தாள். நான் வண்ணக் காகிதத்தில் காற்றாடி செய்தேன். ராத்திரி எல்லாரும் படுத்தபிறகும் உட்கார்ந்து செய்தேன். எழுபது சேர்ந்தது. வேறு எதைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

31ஆம் தேதி புதன்கிழமை. பொழுது சாய்ந்ததும் பிள்ளைகள் வரத்தொடங்கினார்கள். பால்மரப் பூசணி ஒரு பக்கம், மயில் கழுத்துப் பூசணி ஒரு பக்கம். பேரன் தலையில் என் பழைய தலைவிளக்கைப் போன்ற ஒன்றைக் கட்டிக்கொண்டு, ‘நான் பாட்டி’ என்று எல்லாரிடமும் சொன்னான். அதுதான் அவன் வேஷமாம்.

ஏழு மணி இருக்கும். தேவதை வேஷம் போட்ட ஒரு சிறுமி, தெருவோரத்தில் நின்றுவிட்டாள். அவள் தாய் எங்கள் வாசலைச் சுட்டி அவள் காதில் ஏதோ சொன்னாள். உடனே அந்தப் பிள்ளை ஓடிவந்தாள். ஓடிவந்து கிண்ணத்தைப் பார்க்காமல் முதலில் அந்த நீலப் பூசணியைத் தொட்டாள். பிறகு சிவப்புக் காற்றாடி ஒன்றை எடுத்து ஊதிப் பார்த்தாள். அந்தத் தாய் என் மகளிடம், தன் பிள்ளைக்குப் பாலும் முட்டையும் ஆகாது, இந்தத் தெருவில் நிற்கிற முதல் வாசல் இதுதான் என்றாளாம். சொல்லும்போது அவள் குரல் தழுதழுத்தது எனக்கு மொழிபெயர்ப்பில்லாமலே புரிந்தது. மகள் என் பக்கம் திரும்பி, ‘காத்தாடி எங்கம்மா செஞ்சது’ என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அது போதும், எனக்கு அந்த ஆங்கிலம் தெரியும்.

எல்லாரும் போனபின் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே வந்தேன். மகள் மேசையில் அந்தப் பேனா போன்றதை வைத்திருந்தாள். ஊசி இல்லாதது, பழகுவதற்காக.

‘உட்காருங்கம்மா. பிடிங்க. நீல மூடியைக் கழட்டணும். ஆரஞ்சு முனை தொடையில. அழுத்தி மூணு எண்ணுங்க. அப்புறம் உடனே போன் அடிக்கணும்.’

பேரன் சோபாவில் படுத்துத் தொடையைக் காட்டினான். எனக்குக் கை நடுங்கியது. முதல் தடவை நீல முனையைத் தொடையில் வைத்துவிட்டேன், இரண்டு பேரும் சிரித்தார்கள். எட்டாவது தடவைக்குப்பின் மகள் தலையாட்டினாள்.

மறுநாள் பள்ளி விட்டதும் பேரன் நேராக வீட்டுக்கு வந்தான். நானும் அவனும் அணில் கடித்த இடத்தை அறுத்து எறிந்துவிட்டு, கோலப் பூசணியை நறுக்கினோம். தீபாவளிக்கு ஐந்து நாள் இருந்தது. பருப்புப் பாயசத்தில் போட்டுப் பார்க்கலாம் என்றான்.